தப்பு நடந்த வரியிலேயே நிற்கட்டும்: நிரலை வேண்டுமென்றே கிராஷ் செய்வது எப்படி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பால் கொள்முதல் நிலையத்துக்கு எடைக் கணக்கு நிரல் எழுதினேன். தராசிலிருந்து கேபிள் வழியாக எடை வரும். நிரல் அதை வாங்கி, கொண்டுவந்தவர் பெயருக்கு நேரே பதிந்துகொள்ளும். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடாச் சீட்டு அடிக்கும். தராசு பதில் சொல்லாவிட்டால் எடை வாங்கும் ஃபங்ஷன் மைனஸ் 1 என்று திருப்பும். கணக்கில் மைனஸ் வந்தால் அசிங்கமாக இருக்குமே என்று, பூஜ்ஜியத்துக்குக் கீழே எது வந்தாலும் அதைப் பூஜ்ஜியமாக்கும்படி ஒரு வரி சேர்த்து வைத்தேன்.

கேபிள் லேசாகக் கழன்று, விட்டு விட்டு வேலை செய்யத் தொடங்கியது. யாருக்கும் தெரியவில்லை. பட்டுவாடா அன்று ஓர் அம்மா கையால் எழுதிய தன் அட்டையைக் காட்டி, “தம்பி, நாலு வேளைப் பாலைக் காணோமே?” என்று கேட்டார். பழைய அட்டைகளை எல்லாம் வாங்கி, ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து சரி செய்தோம். நான் சேர்த்த அந்த ஒரு வரியின் இடத்தில் நிரல் செத்து விழுந்திருந்தால், முதல் வேளையிலேயே யாராவது கேபிளை அழுத்திச் செருகியிருப்பார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு நிரலை, தேவைப்பட்டால் ப்ராசஸரையே, நாமாக நிறுத்துவதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எங்கே வைப்பது, விழுந்த பிறகு என்ன பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். உதாரணங்கள் லினக்ஸில் ஓடும் சி மொழியில். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதற்கு விழ வேண்டும், எதற்கு விழக் கூடாது

கோட் எழுதுவதற்கு முன்னால் இதில் ஒரு தெளிவு வேண்டும். பயனர் தேதியைத் தப்பாக அடிக்கிறார், கோப்பு இல்லை, நெட் போய்விட்டது, கேபிள் கழன்றது: இதெல்லாம் உலகத்தில் நடக்கும். இதற்கெல்லாம் நிரல் விழக் கூடாது. என்ன ஆயிற்று என்று சொல்லி, மறுபடி கேட்க வேண்டும்.

பதிவேட்டில் எழுதும் ஃபங்ஷனுக்குள் மைனஸ் எடை வந்து நிற்பது வேறு கதை. கேபிள் கழன்றதை அதற்கு முன்பே யாரோ கவனித்துத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை என்றால் நம் கோட்டில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் நிரலின் நினைவகத்தில் உள்ள எதையும் நம்ப முடியாது. தொடர்ந்து ஓடினால் அந்தப் பொய்யைத்தான் கோப்பில் எழுதும். ‘இது நடக்கவே கூடாது’ என்று நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் இடம் எதுவோ, அதுதான் விழ வேண்டிய இடம்.

முதல் படி: அபார்ட்

ஸ்டேண்டர்ட் லைப்ரரிக்கான தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயின் ஃபங்ஷனுக்குள் ஒரு பிரிண்ட்எஃப் எழுதி, அதன் கீழே, நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தும் அபார்ட் என்ற அழைப்பை வையுங்கள். ஓட்டினால் ‘அபார்ட்டட்’ என்று ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒரு வரி காட்டும். உடனே எக்கோ, டாலர், கேள்விக்குறி என்று தட்டிப் பாருங்கள், 134 என்று வரும். ஓடும் நிரலுக்கு இயங்குதளம் வழியாகப் போகும் அறிவிப்புக்குப் பெயர் சிக்னல். அபார்ட் அனுப்பும் சிக்னலின் எண் 6. சிக்னலால் செத்த நிரலுக்கு ஷெல் அந்த எண்ணோடு 128ஐக் கூட்டிச் சொல்கிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்த லாகைப் பார்த்தாலும் கதை புரியும். 139 என்றால் 11, அதாவது தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டது. 132 என்றால் 4, ப்ராசஸருக்குப் புரியாத கட்டளை. 136 என்றால் 8, பெரும்பாலும் பூஜ்ஜியத்தால் வகுத்தது. 137 என்றால் 9, வெளியிலிருந்து யாரோ கொன்றது. பல நேரம் மெமரி தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையமான கர்னலே கொன்றிருக்கும்.

இப்போது அதே நிரலில், பிரிண்ட்எஃப் செய்தியின் கடைசியில் உள்ள புதுவரிக் குறியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். செய்தி திரைக்கே வராது. பிரிண்ட்எஃப் அடித்தது பஃபரில், அதாவது திரைக்குப் போகும் முன் சேர்த்து வைக்கும் இடத்தில், காத்திருந்தது. அபார்ட் வந்ததும் அதோடு போயிற்று. புதிதாக வருபவர்கள் இதில் அரை நாள் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன். செய்தி வரவில்லை, அப்படியானால் அந்த வரிக்கு முன்பே விழுந்துவிட்டது என்று நினைத்துத் தப்பான இடத்தைத் தோண்டுவார்கள். வெளியீட்டைக் கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பினால் புதுவரிக் குறி இருந்தாலும் இதே கதைதான். சாகும்போது சொல்ல வேண்டியதை ஸ்டேண்டர்ட் எரர் வழியாக எழுதுங்கள். அதற்குப் பஃபர் கிடையாது, எழுதியது உடனே போய்ச் சேரும்.

எக்ஸிட் என்ற அழைப்பும் நிரலை முடிக்கும், அது ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். எக்ஸிட் ஒழுங்காகக் கடையைச் சாத்துவது மாதிரி: பஃபர்களைக் காலி செய்யும், முடிவில் ஓட்டச் சொல்லி நீங்கள் பதிந்து வைத்த ஃபங்ஷன்களை ஓட்டும். நிலைமை கெட்டுப்போன நிரலில் அந்தக் கடைசி ஃபங்ஷன்கள் ஓடுவதே ஆபத்து. கெட்ட தரவை அவை டிஸ்கில் எழுதிவிடக்கூடும். அபார்ட் அவற்றைக் கூப்பிடாது. கோர் கோப்பும் கிடைக்கும்; அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் படி: அஸர்ட்

தினசரி வேலைக்கு இதுதான். எடை பூஜ்ஜியத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் எழுதி அஸர்ட் என்று கூப்பிடுகிறீர்கள். உண்மையாக இருந்தால் ஒன்றும் நடக்காது. பொய்யானால் கோப்பின் பெயர், வரி எண், ஃபங்ஷன் பெயர், தோற்றுப்போன நிபந்தனை நாலையும் ஸ்டேண்டர்ட் எரரில் எழுதிவிட்டு அபார்ட் ஆகும். நான் நிபந்தனையோடு ஒரு சின்னக் குறிப்பையும் ‘அண்ட் அண்ட்’ போட்டு மேற்கோளுக்குள் சேர்த்துவிடுவேன். மேற்கோளுக்குள் உள்ள சரம் எப்போதும் உண்மைதான் என்பதால் நிபந்தனை மாறாது. விழும்போது குறிப்பும் சேர்ந்து அச்சாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். என்டீபக் என்ற மேக்ரோவை வரையறுத்துக் கம்பைல் செய்தால் அஸர்ட் வரிகள் எல்லாம் காற்றில் கரைந்துவிடும். அஸர்ட்டுக்குள்ளேயே கோப்பைத் திறப்பது, எண்ணிக்கையைக் கூட்டுவது மாதிரி வேலைகளை வைத்திருந்தால் அவையும் சேர்ந்து போய்விடும். உங்கள் கணினியில் ஓடும் நிரல் வாடிக்கையாளர் இடத்தில் ஓடாது. அஸர்ட்டுக்குள் பார்ப்பது மட்டும் இருக்கட்டும், செய்வது வெளியே இருக்கட்டும். பணம், எடை, மருந்தளவு மாதிரியான இடங்களில் நான் அஸர்ட்டை நம்புவதில்லை. சாதாரண ‘இஃப்’ எழுதி, உள்ளே செய்தியும் அபார்ட்டும் வைத்துவிடுவேன். அதை எந்த மேக்ரோவும் அழிக்காது.

நம்பக் கூடாத குறுக்குவழிகள்

கிராஷ் செய்யச் சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றுவது ‘நல்’ பாயின்டரில், அதாவது எதையும் சுட்டாத பூஜ்ஜிய முகவரியில், எழுதுவது. வேண்டாம். சி மொழியின் விதிப்படி அது என்னவாகும் என்று வரையறையே கிடையாது. அதனால் கம்பைலர் அந்த வரியை நீக்கிவிடலாம். க்ளாங் கம்பைலர் இதை முகத்துக்கு நேராகவே எச்சரிக்கும்: இந்த வரி நீக்கப்படும், விழாது, வோலடைல் (இதை நீக்காதே) என்று குறியுங்கள், இல்லாவிட்டால் ட்ராப்பைப் (அடுத்துப் பார்ப்போம்) பயன்படுத்துங்கள் என்று. இன்னொன்று, சின்ன மைக்ரோகண்ட்ரோலர்களில் பூஜ்ஜிய முகவரி செல்லுபடியாகும் இடம். கார்டெக்ஸ்-எம் வகையில் வழக்கமாக அங்கேதான் வெக்டர் அட்டவணை (ப்ராசஸர் எழுந்ததும் முதலில் பார்க்கும் பட்டியல்) தொடங்கும். அங்கே படித்தால் விழாது. ஸ்டாக் பாயின்டரின் தொடக்க மதிப்பு கையில் வந்து சேரும்.

பூஜ்ஜியத்தால் வகுப்பதும் அப்படித்தான். எக்ஸ்86 ப்ராசஸரில் முழு எண் வகுத்தல் விழும். அதே கோட்டை 64 பிட் ஆர்ம் ப்ராசஸரில் ஓட்டினால் விடை பூஜ்ஜியம் என்று சத்தமில்லாமல் வந்துவிடும். மேசைக் கணினியில் சோதித்து, ஃபோனில் ஓடவிட்டால் தெரியும். முடிவில்லாமல் தன்னையே கூப்பிடும் ஃபங்ஷனையும் கம்பைலர் சாதாரணச் சுழலாக மாற்றிவிட வாய்ப்பு உண்டு. அப்போது விழுவதற்குப் பதில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ட்ராப்: விழுந்த இடம் அப்படியே தெரிய

ஜிசிசி, க்ளாங் இரண்டிலும் ‘பில்டின் ட்ராப்’ என்ற அழைப்பு இருக்கிறது. எந்த லைப்ரரியையும் கூப்பிடாமல், அந்த இடத்திலேயே ப்ராசஸர் மறுக்கும் கட்டளை ஒன்றை வைத்துவிடும். எக்ஸ்86இல் அதன் பெயர் யுடி2. தசமத்தில் சொன்னால் 15, 11 என்ற இரண்டு பைட்டுகள். இப்படி ஒரு கட்டளை இல்லை என்று நிரந்தரமாகச் சொல்வதற்கென்றே ஒதுக்கி வைத்த கட்டளை அது. லினக்ஸ் கர்னலின் ‘பக்’ மேக்ரோவும் எக்ஸ்86இல் இதைத்தான் பயன்படுத்துகிறது.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் இன்ட்3, ஒரே பைட், மதிப்பு 204. டீபக்கரில் (நிரலை நிறுத்தி நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியில்) பிரேக்பாயின்ட், அதாவது நிற்க வேண்டிய இடம், வைத்தால், அந்த இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு 204ஐத்தான் அங்கே வைக்கும். ஒரு பைட் மட்டும் இருப்பதால் எவ்வளவு சின்னக் கட்டளைமேலும் இதை வைக்கலாம், அடுத்த கட்டளையைத் தொடாது. டீபக்கரோடு உட்கார்ந்திருக்கும்போது ‘இங்கே நில், நான் பார்த்துவிட்டுத் தொடர்கிறேன்’ என்பதற்கு இன்ட்3, ‘இனிமேல் போகவே வேண்டாம்’ என்பதற்கு யுடி2.

ஒரு ஃபங்ஷனுக்குள் நாலு இடத்தில் வெறும் அபார்ட் வைத்திருந்தால், ஆப்டிமைசேஷன் போட்டுக் கம்பைல் செய்யும்போது நாலையும் ஒன்றாக மடித்துவிடலாம். அப்போது எந்தச் சோதனை தோற்றது என்று கண்டுபிடிக்க முடியாது. ட்ராப்புக்கும் இது நடக்கலாம். ஒவ்வொன்றின் முன்னாலும் வரி எண்ணோடு ஒரு செய்தி எழுதிவிட்டால் எது விழுந்தது என்பதில் குழப்பம் வராது.

மற்ற மொழிகள் பற்றிச் சுருக்கமாக: பைதானில் ஓஎஸ் தொகுதியின் அபார்ட் இருக்கிறது, சிஸ் எக்ஸிட் என்பது உள்ளுக்குள் ஓர் எக்ஸெப்ஷன்தான், யாராவது பிடித்துக்கொண்டால் நிரல் தொடர்ந்து ஓடும். ஜாவாவில் ரன்டைமின் ஹால்ட், முடிவு வேலைகள் எதையும் செய்யாமல் நிறுத்தும். கோ மொழியிலும் ரஸ்டிலும் பேனிக் உண்டு. ரஸ்டில் ப்ராசஸ் அபார்ட் என்று தனியாகவும் உண்டு.

மூன்றாம் படி: செத்த பிறகு கோரைப் பார்ப்பது

வேண்டுமென்றே விழ வைப்பதன் பலன் முழுவதும் இங்கேதான் கிடைக்கும். விழுந்த நொடியில் நினைவகம் எப்படி இருந்ததோ அதை அப்படியே படம்பிடித்த கோப்புக்குப் பெயர் கோர். அந்தக் காலத்தில் காந்த வளையங்களால் ஆன கோர் மெமரி இருந்தது, பெயர் அங்கிருந்து வந்தது.

பல கணினிகளில் இது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். யூலிமிட் கட்டளைக்கு ஹைஃபன் சி, அன்லிமிடெட் என்று கொடுத்தால் அந்த ஷெல்லுக்கு மட்டும் திறக்கும். அப்படியும் கோப்பு கண்ணில் படவில்லை என்றால், ப்ராக், சிஸ், கர்னல் அடைவுக்குள் கோர் பேட்டர்ன் என்ற கோப்பைப் படியுங்கள். உபுண்டுவில் கோரை அப்போர்ட் என்ற நிரலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) பார்த்துக்கொள்ளும் கணினிகளில் கோர்டம்ப் கன்ட்ரோல் என்ற கட்டளை பட்டியல் தரும்.

நிரலை ஹைஃபன் ஜி போட்டுக் கம்பைல் செய்யுங்கள். ஜிடிபி என்ற டீபக்கருக்கு நிரலின் பெயரையும் கோரின் பெயரையும் கொடுத்து, உள்ளே பிடி என்று தட்டினால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசை வரும். அஸர்ட்டால் விழுந்திருந்தால் முதல் சில வரிகள் ரெய்ஸ், அபார்ட், அஸர்ட் ஃபெயில் என்று சி நூலகத்துக்குள்ளேயே இருக்கும். அங்கே தேடாதீர்கள். கீழே இறங்கி, உங்கள் கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அந்த எண்ணை ஃப்ரேம் கட்டளைக்குக் கொடுத்து, ப்ரின்ட் எடை என்று கேளுங்கள். மைனஸ் 1 என்று சொல்லும். இன்னொரு ஃப்ரேம் கீழே போய், அதைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். எனக்கு இந்த நாலு கட்டளை அன்றைக்குத் தெரிந்திருந்தால்!

கோர் கோப்பில் கடவுச்சொல், சாவிகள், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் கிடக்கும். யாருக்கும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

விழுந்தவனைத் தூக்கி விடுவது

விழ வைப்பதோடு வேலை முடியாது. சேவையாக ஓடும் நிரல் என்றால் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் ரீஸ்டார்ட் என்பதற்கு ஆன் ஃபெயிலியர் என்று வையுங்கள், தானாக எழும். இயல்பான அமைப்பில் 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் எழ முயன்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். அது நல்லதுதான், விடாமல் விழுந்து எழும் நிரல் எதையும் காப்பாற்றப் போவதில்லை. கோப்பு எழுதும் நடுவில் விழுந்தாலும் பழைய கோப்பு கெடாமல் இருக்க, தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி டிஸ்கில் பதியவைத்து, அப்புறம் பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒன்று நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது, பாதியில் நிற்காது.

ப்ராசஸரையே நிறுத்துவது

பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ 8085 கிட்டில் கை வைத்தவர்களுக்கு 76 என்ற ஹெக்ஸ் எண் மறந்திருக்காது. நிரலின் கடைசியில் தட்டும் எச்எல்டி, ஹால்ட். இன்றைய எக்ஸ்86இலும் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு, ஒரே பைட், தசமத்தில் 244. ஆனால் சாதாரண நிரலில் அதை வைத்தால் ப்ராசஸர் நிற்காது, உங்கள் நிரல்தான் 139 என்று சாகும். கர்னலுக்கு மட்டுமே அந்த உரிமை. வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸரின் கோர்களை (இவை கோர் கோப்பு இல்லை, கட்டளைகளை ஓட்டும் பகுதிகள்) ஓய்வில் வைக்கக் கர்னலுக்கும் இது பயன்படுகிறது, ஏனென்றால் ஹால்ட் என்பது அடுத்த இன்டரப்ட் (டைமர், கீபோர்ட் போன்றவை ப்ராசஸரைத் தட்டி எழுப்பும் குறி) வரும்வரை தூங்குவதுதான்.

நிரந்தரமாக நிறுத்த இன்டரப்டை அடைத்துவிட்டு ஹால்ட் செய்ய வேண்டும். அதிலும், அடைக்க முடியாத இன்டரப்ட் ஒன்று வந்தால் எழுந்துவிடும் என்பதால் திரும்ப ஹால்ட்டுக்கே குதிக்கும் சுழல் வேண்டும். மொத்தம் நாலு பைட்: 250, 244, 235, 253. முதலாவது இன்டரப்டை அடைக்கிறது, இரண்டாவது ஹால்ட், கடைசி இரண்டும் மூன்று பைட் பின்னால் குதி என்கின்றன.

செய்து பாருங்கள். பைதானில் இந்த நாலு பைட்டோடு 506 பூஜ்ஜியம் சேர்த்து, முடிவில் 85, 170 என்று வைத்து, 512 பைட் கோப்பாக எழுதுங்கள். அது ஒரு பூட் செக்டார், கணினி எழும்போது டிஸ்கிலிருந்து முதலில் படித்து ஓட்டும் பகுதி. க்யூஎம்யூ எமுலேட்டரில் அதை டிஸ்க்காகக் கொடுத்து ஓட்டி, வேறு ஜன்னலில் டாப் கட்டளையைப் பாருங்கள். க்யூஎம்யூ கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். இப்போது முதல் நாலு பைட்டையும் எடுத்துவிட்டு 235, 254 என்று இரண்டு பைட் வைத்து, பூஜ்ஜியத்தை 508 ஆக்குங்கள். இது தன்மேலேயே குதிக்கும் வெறும் சுழல். அதே கறுப்புத் திரைதான் தெரியும், ஆனால் ப்ராசஸரின் ஒரு கோர் 100 சதவீதத்தில் எரியும். நிற்பதற்கும் நின்ற இடத்திலேயே ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

சாதாரண நிரலே ப்ராசஸரை உறைய வைத்த காலமும் உண்டு. 1997இல் பென்டியத்தில் ஒரு பிழை வெளியானது. 240, 15, 199, 200 என்ற நாலு பைட்டை எந்தப் பயனர் ஓட்டினாலும் கணினி அப்படியே உறைந்துவிடும், ரீசெட்தான் வழி. இயங்குதளங்கள் அவசரமாக அதற்குத் தடுப்பு எழுதின.

லினக்ஸ் கர்னலை விழ வைத்துச் சோதிக்க வேண்டுமானால், ப்ராக் அடைவில் உள்ள சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் கோப்பில் சி என்ற எழுத்தை எழுதினால் போதும். சுடோ எக்கோ என்று ஆரம்பித்துத் திருப்பினால் அனுமதி இல்லை என்று சொல்லும், ஏனென்றால் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல். சுடோ டீ வழியாக அனுப்புங்கள். விர்ச்சுவல் மெஷினில் மட்டும் செய்யுங்கள், அதற்கு முன், எழுதக் காத்திருப்பதை டிஸ்கில் பதியவைக்கும் சிங்க் கட்டளையை ஓட்டுங்கள்.

மோட்டார் மாட்டியிருந்தால்

மைக்ரோகண்ட்ரோலரில் இந்தப் பாடம் தலைகீழாகும். ஆர்டுயினோ உனோவில் ‘தப்பு, நில்’ என்று முடிவில்லாத சுழலில் போய் உட்கார்ந்தால் ப்ராசஸர் நின்ற மாதிரிதான். ஆனால் அனலாக்ரைட் கொடுத்த பின்னில் பல்ஸை அனுப்புவது தனி டைமர். அதற்கு நம் சுழல் தெரியாது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், ஹீட்டர் சுட்டுக்கொண்டே இருக்கும். எனவே வரிசை இதுதான்: முதலில் எல்லா வெளியீட்டையும் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவாருங்கள், பிறகு காரணத்தை ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதுங்கள், அதன் பிறகு நில்லுங்கள். வாட்ச்டாக் (நிரலிடமிருந்து குறித்த நேரத்துக்குள் குறி வருகிறதா என்று பார்க்கும் டைமர்) போட்டிருந்தால் அது ரீசெட் செய்யும். அந்தச் சிப்பில் அதிகபட்சம் சுமார் 8 நொடி. எழுந்ததும் முதல் வேலையாக ஈப்ராமைப் படித்து, போன முறை ஏன் விழுந்தோம் என்று பாருங்கள்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியன் 5 ராக்கெட்டை, இதைச் சொல்லித்தரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். திசை காட்டும் கணினியில் ஒரு 64 பிட் மிதவை எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளவில்லை. அப்படி எதிர்பாராத பிழை வந்தால் ப்ராசஸரை நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே வகுத்து வைத்திருந்த விதி. நின்றது. மாற்றுக் கணினிக்குப் போகலாம் என்றால், அதிலும் அதே மென்பொருள். 72 மில்லி நொடிச் சுற்று ஒன்றுக்கு முன்பே அதே காரணத்தால் அதுவும் நின்றுவிட்டது. நின்ற கணினி கடைசியாக அனுப்பிய பிழைக் குறியீட்டைப் பறத்தல் தரவு என்று எடுத்துக்கொண்டு முதன்மைக் கணினி ராக்கெட்டைத் திருப்பியது. பற்றவைப்பு வரிசை தொடங்கிச் சுமார் 40 நொடியில் எல்லாம் முடிந்தது. வேதனை என்னவென்றால், விழுந்த அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. ப்ராசஸரை நிறுத்துவது என்ற முடிவுதான் கடைசியில் ராக்கெட்டின் உயிரைக் குடித்தது என்று விசாரணைக் குழு எழுதியது.

மேசைமேல் ஓடும் நிரலுக்கு, நின்ற பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பறப்பதற்கும் சுற்றுவதற்கும் அப்படி இல்லை. அதனால் போர்டைப் பெட்டியில் போட்டு மூடும் முன்னால், மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சென்சார் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். மோட்டார் எத்தனை நொடியில் நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அடுத்து, நீங்கள் வைத்த ஒவ்வொரு அபார்ட்டையும் ஒருமுறையாவது உண்மையாகவே தொட வைத்து, அதே மாதிரி எண்ணுங்கள்.